தேவிகுளத்துக்கு வைத்த ஊசி

குருசாமியை ஏமாற்றுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. "மாப்ள" என்று கூப்பிட்டுத் தோளில் கை போட்டால் போதும், மனுஷன் அங்கேயே கரைந்துவிடுவான். அப்படிப்பட்டவனை ஏமாற்ற மாதக்கணக்கில் பொய் சொன்னான் ஒருவன் என்றால் அவன் நெஞ்சு எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. மூணாறுக்கு மேலே, மேகம் வாசலுக்கு வந்து நிற்கும் உயரத்தில் ஒரு எஸ்டேட். அதன் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டருக்குக் குருசாமி உதவியாள். சேர்ந்தபோது மீசை முளைக்காத வயசு. இப்போது இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். இன்னும் டெம்பரவரிதான். கொழுந்து அரைக்கிற ரோலர் நின்றாலும் சரி, டிரையரில் சங்கிலி அறுந்தாலும் சரி, "குருசாமி எங்கே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆனால் ஆபீஸ் பதிவேட்டில் அவனுக்குப் பேர் விழவில்லை. பேர் விழாதவனுக்கு லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இடம் கிடையாது. அண்ணன் வீட்டின் பின்பக்கத்தில், அடுப்படிக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே சாக்குப் படுதாவைத் தொங்கவிட்டுக் குடும்பம் நடத்தினான். அண்ணி பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

அவன் பெண்டாட்டி சுருளியம்மாள் வாயுள்ளவள். கொழுந்து மலையில் கங்காணியையே எதிர்த்துப் பேசுகிறவள், வீட்டுக்குள் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். காரணம் இருந்தது. பிட்டர் யாக்கோபுக்கு வயசாகிவிட்டது. அந்த வருஷத்தோடு அவருக்கு ஓய்வு. அப்படிக் காலியாகிற இடத்துக்கு ஒழிவு என்று பேர், அந்த ஒழிவு குருசாமிக்கு வந்தால் அவன் ஸ்திரமாகிவிடுவான். எஸ்டேட் பேச்சில் ஸ்திரம் என்றால் நிரந்தர வேலை, கூடவே தனி வீடு, தனி அடுப்பு. அந்தத் தனி அடுப்பை நினைத்துத்தான் அவள் அண்ணியின் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

ஒழிவு விழுந்தால் யாருக்கு என்பதற்கு அந்த எஸ்டேட்டில் ஒரு முறை உண்டு. ஓய்வு பெறுகிறவருக்கு மகன் இருந்தால் மகனுக்கு. மகன் இல்லையென்றால் மருமகனுக்கு. இரண்டும் இல்லாவிட்டால் யூனியன் கை காட்டுகிற ஆளுக்கு. யாக்கோபுக்கு ஒரே பிள்ளை, புஷ்பமேரி என்று பெண். அவளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சும் எழுந்ததாக யாரும் கேள்விப்படவில்லை. ஆகவே எல்லாம் யூனியன் கையில்.

யூனியன் என்றால் மரியஜோசப். கிளைச் செயலாளர். குருசாமியோடு ஒரே லயத்தில் பிறந்து, ஒரே ஓடையில் குளித்து, ஒரே நாளில் வேலைக்கு வந்தவன். இவன் ஸ்பேனரைப் பிடித்தான், அவன் மைக்கைப் பிடித்தான். மைக்கைப் பிடித்தவன் மேலே போனான், அது உலக வழக்கம்தானே. மேலே போனாலும் பழசை மறக்காதவன் என்று குருசாமிக்கு அவன் மேல் அப்படி ஒரு பெருமை. "ஒன் பேரத்தான்டா மாப்ள சொல்லியிருக்கேன், வேற ஆளு எவன்டா இருக்கான்?" என்று மரியஜோசப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். குருசாமி அதை அப்படியே கொண்டுபோய்ப் பெண்டாட்டியிடம் ஒப்பிப்பான்.

யூனியன் காரியத்துக்கென்று மரியஜோசப் ஒரு பழைய புல்லட் வைத்திருந்தான். அதற்குக் கை வைத்தியம் முழுக்கக் குருசாமிதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அண்ணன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து, வண்டியை நிறுத்தி, உட்கார்ந்துவிடுவான். கழற்றிய சாமானெல்லாம் உருண்டு ஓடாமல் இருக்கச் சுருளியம்மாளின் முறம் வேண்டும். அரிசி புடைக்கிற முறத்தில் பெட்ரோல் நாற்றம் என்று அவள் கத்துவாள். நமக்கு வீடு வாங்கித் தரப்போகிற வண்டிடி என்பான் இவன். கூலி என்று ஒரு பேச்சு அவர்களுக்குள் எழுந்ததே இல்லை. ஓசி வேலை என்று சொல்லக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, நட்புக்குச் செய்கிற கடமை என்று நினைத்தான். தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, அரைக்கிறவனுக்கு அம்மியையும் குழவியையும் இவனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

மலை வண்டிக்கு ஒரு சூட்சுமம் உண்டு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தில் காற்று மெலிசு. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி கறுப்புப் புகை கக்கிக்கொண்டு திணறும். கார்புரேட்டருக்குள் ஒரு நீள ஊசி தொங்கும். அதன் தலைப்பக்கம் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும், ஏதாவது ஒரு பள்ளத்தில் சின்னதாக ஒரு கிளிப். கிளிப்பை மேல் பள்ளத்தில் மாட்டினால் ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். அது மலைக்கு. கீழ்ப் பள்ளத்தில் மாட்டினால் ஊசி ஏறும், பெட்ரோல் கூடும். அது போடி, தேனி மாதிரி சமவெளிக்கு. மலைக்கு வைத்த வண்டியைக் கீழே கொண்டுபோய் விரட்டினால் பெட்ரோல் பற்றாமல் இன்ஜின் காய்ந்து, பிஸ்டன் இறுகி, வண்டி நின்றுவிடும். மூணாறு வட்டாரத்தில் வண்டி பார்க்கிற எல்லோருக்கும் இது பால பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புல்லட் இருமிக்கொண்டே லயத்து மேட்டில் ஏறியது. பின்னால் கறுப்புப் புகை. வண்டியை நிறுத்திய மரியஜோசப், இழுவையே இல்லை, ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது, பார்த்து வை என்று சொல்லிவிட்டு மாதா கோயிலுக்குப் போனான். பூசை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.

குருசாமி பெட்ரோல் குழாயை அடைத்தான். மேல் மூடியைத் திருகி, ஸ்பிரிங்கோடும் ஊசியோடும் ஸ்லைடை வெளியே உருவித் துணியில் சுற்றி ஓரமாக வைத்தான். பிறகு இரண்டு நட்டுகளைக் கழற்றி, கார்புரேட்டரை முழுசாக எடுத்து முறத்தில் வைத்தான். பிளக்கைப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது. பெட்ரோல் பாய்கிற சின்னத் துளையுள்ள ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊதினான், அடைப்பு இல்லை. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கி அதை விட்டுப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. மிதவையில் ஓட்டை இல்லை. அதற்குள் பெட்ரோல் ஏறியிருந்தால் குலுக்கும்போது சத்தம் கேட்கும், கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தால் புகை ஏன் வருகிறது?

கடைசியில் துணியைப் பிரித்து ஊசியைப் பார்த்தான். கிளிப் ஆகக் கீழ்ப் பள்ளத்தில் இருந்தது.

அவன் மேல் பள்ளத்தில்தான் மாட்டியிருந்தான். அவன் மாட்டாமல் வேறு யார் மாட்டுவார்? அந்த வண்டியில் வேறு கை பட்டதே கிடையாது. ஆனால் பாருங்கள், அந்த அப்பாவிக்கு முதலில் சந்தேகம் வந்தது கூட்டாளி மேல் இல்லை, தன் கை மேல். போன தடவை மறதியாக மாற்றி மாட்டிவிட்டோமோ என்று தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். முறத்தைக் கேட்டு வந்த சுருளியம்மாளிடம் அதைச் சொல்லவும் செய்தான்.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒங்க கை தப்பா மாட்டாது" என்றாள் அவள். "எவனோ தொறந்திருக்கான். வண்டி எங்க போச்சுன்னு கேளுங்க."

கீழ்ப் பள்ளத்தில் கிளிப்பை மாட்டுகிறவன் கீழ்நாட்டு மெக்கானிக். மலைக்கு வைத்த வண்டி அங்கே சூடேறி நின்றிருக்கும். அவன் திறந்து, அந்த ஊருக்கு எது சரியோ அதை வைத்து அனுப்பியிருப்பான். மேலே ஏறியதும் அது புகைகிறது. கணக்கு அவ்வளவுதான். தேவிகுளத்துக்கு மட்டும் போய் வந்த வண்டி என்றால் இது நடக்க வழியே இல்லை. ஆனால் மரியஜோசப் இரண்டு மாதமாகப் போவதெல்லாம் தேவிகுளம் லேபர் ஆபீசுக்கு, குருசாமியின் வேலை விஷயமாகச் சர்ச்சை நடத்த. மலையாளத்தில் பேச்சுவார்த்தைக்குச் சர்ச்சை என்று பெயர். எஸ்டேட்டிலும் அப்படியே சொல்வார்கள். தேவிகுளத்தைத் தாண்டி அதே ரோட்டில் போனால் பூப்பாறை, போடிமெட்டு, அப்புறம் மலை இறங்கினால் போடி.

பூசை முடிந்து மரியஜோசப் வந்தான். வண்டியைக் கீழே எங்கேயாவது கொண்டுபோனாயா என்று குருசாமி சாதாரணமாகத்தான் கேட்டான். கீழே நான் எதற்குப் போகிறேன் என்றான் அவன். வேறு யாரோ கார்புரேட்டரைத் திறந்திருக்கிறார்களே என்றான் இவன். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, மூணாறில் ஒரு பையனிடம் காட்டினேன், அவன் ஏதோ நோண்டினான் என்றான்.

மூணாறில் இருக்கிற எந்தப் பையனும் அப்படி மாட்ட மாட்டான். மாட்டினால் வண்டி பஜார் வளைவைத் தாண்டுவதற்குள் திணறி நிற்கும், அடுத்த நிமிஷம் அவனிடமே திரும்பி வரும். குருசாமிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. கூட்டாளி பொய் சொல்கிறான். ஏன்? எதற்கு? போடிக்குப் போனால் போனேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் ஏதாவது பதில் வரும், அந்தப் பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்தான். ஆனாலும் ஒரு கடைசி வாசலைத் திறந்து வைத்தான்.

"வியாழக்கிழம போறேங்கியே மாப்ள, கீழ போற மாதிரி இருந்தா சொல்லு. ஊசிய மாத்தி வச்சிருதேன். மலைக்கு வச்சிட்டுக் கீழ போனா இன்ஜின் புடிச்சிரும்."

"தேவிகுளம்தான்டா. ஒனக்காகத்தான் போறேன், ஒனக்கே சந்தேகமா?" என்று சிரித்துக்கொண்டே மரியஜோசப் அவன் தோளில் தட்டினான்.

தட்டிய இடம் குருசாமிக்குக் கூசியது. உண்மையைச் சொல்லிவிடுடா, மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டேதான் கிளிப்பைக் கையில் எடுத்தான். தேவிகுளம் எவ்வளவு உயரமோ அதற்குரிய மேல் பள்ளத்தில் மாட்டினான். கார்புரேட்டரைப் பூட்டி, நட்டை முறுக்கி, உதைத்து ஸ்டார்ட் செய்து காட்டினான். வண்டி பூனைக்குட்டி மாதிரி முனகியது, புகை இல்லை. ஒன் கை இருக்கிறவரை எனக்கு என்ன கவலை என்று சொல்லிவிட்டு மரியஜோசப் ஏறிப் போனான்.

வியாழக்கிழமை யாக்கோபு வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அவருடைய வேலையையும் சேர்த்துக் குருசாமிதான் பார்த்தான், அது வழக்கம்தான். வெள்ளிக்கிழமை காலையில் பைப்படியில் தண்ணீருக்கு நின்ற சுருளியம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே குருசாமி எழுந்து நின்றான். போடியில் தேயிலைப் பெட்டி இறக்கிவிட்டு வந்த லாரிக்காரன் சொன்னானாம்: மெட்டு ஏறுகிற வளைவில் நம் தலைவருடைய புல்லட் இன்ஜின் இறுகி நிற்கிறது, தலைவரும் பின்னால் இருந்த தம்பியும் வெயிலில் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தம்பிக்கும் யாக்கோபு மகள் புஷ்பமேரிக்கும் முந்தின நாள் போடியில் நிச்சயம் முடிந்துவிட்டது.

மரியஜோசப்புக்கு ஆசீர்வாதம் என்று ஒரு தம்பி உண்டு. சின்னதிலேயே போடியில் அத்தை வீட்டுக்குப் போனவன், அங்கே ஏலக்காய்க் கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் யாக்கோபுக்கு மருமகன். மகன் இல்லையென்றால் மருமகனுக்கு. ஒழிவு போன இடம் குருசாமிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தேவிகுளம் தேவிகுளம் என்று போனதெல்லாம் பெண் பேசுவதற்கு. அந்தப் பயணத்துக்கெல்லாம் வண்டியைத் துடைத்து, கழற்றி, ஊதி, பூட்டிக் கொடுத்தது இவன். தன் வேலையைப் பறிக்கப் போகிறவனுக்குத் தானே வண்டி ரெடி பண்ணி அனுப்பியிருக்கிறான். காய்ச்சல் என்று சொன்ன யாக்கோபு! "எனக்கப்புறம் நீதான்டா" என்று சொல்லியே ரோலருக்கு அடியில் இவனைப் படுக்கவைத்து வேலை வாங்கிய அதே யாக்கோபு!

"நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்" என்றாள் சுருளியம்மாள். அவள் அழவில்லை. அழுதது குருசாமிதான். சாக்குப் படுதாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அண்ணிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதான்.

ஞாயிற்றுக்கிழமை புல்லட் லாரியில் வந்து இறங்கியது. மரியஜோசப் அதை நேராகக் குருசாமி வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தான். அந்தத் தைரியத்தைச் சொல்லுங்கள்! வந்த வேகத்தில், வண்டியை என்னடா செய்து வைத்தாய், நடுரோட்டில் மானம் போய்விட்டது என்று கத்தினான். லயத்துச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

"நீ எங்க போறேன்னு கேட்டேன். தேவிகுளம்னு சொன்ன" என்றான் குருசாமி. "தேவிகுளத்துக்குத்தான் வச்சேன்."

மரியஜோசப்புக்கு முகம் செத்துப்போனது, ஆனால் மேடைப் பேச்சு பழகிய வாய் அல்லவா, உடனே வேறு பாட்டை எடுத்தது. முறை அப்படி இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் என்றான். யாக்கோபு ஐயா தேடி வந்து பெண் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றான். தம்பியும் மனுஷன்தானே, எத்தனை காலத்துக்கு மூட்டை தைப்பான் என்றான். அடுத்த ஒழிவு உனக்குத்தான், அதுவரைக்கும் டெம்பரவரியை யாரும் அசைக்க முடியாது, தம்பிக்கு வேலை தெரியாது, நீ கூட இருந்து சொல்லிக் கொடு என்றான். கடைசியில் சொன்னானே, அதைக் கேட்டுத்தான் சுருளியம்மாள் வாசல் மண்ணை வாரி அவன் பக்கம் தூற்றினாள். நீயும் உன் யூனியனும் நாசமாய்ப் போக என்று சபித்தாள். குருசாமி அவள் கையைப் பிடித்து உள்ளே தள்ளினான். அவனுக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேடா. ஏன் சொல்லல?"

மரியஜோசப் தரையைப் பார்த்தான். பிறகு நெஞ்சில் இருந்தது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"சொல்லியிருந்தா நீ வண்டியப் பாத்திருப்பியா?"

வேலை போனது ஒரு வலி என்றால் இது அதைவிடப் பெரிய வலி. ஒரே ஓடையில் குளித்த கூட்டுக்காரனுக்குத் தான் யார் என்பது குருசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. சம்பளம் கொடுக்காமல் கிடைத்த ஒரு மெக்கானிக். வண்டியைத் தொட மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். மரியஜோசப் தானே தள்ளிக்கொண்டு போனான். உதவிக்கு லயத்தில் ஒருத்தனும் கை கொடுக்கவில்லை, அந்த அளவுக்காவது அந்தச் சனத்துக்கு நெஞ்சு இருந்தது.

இந்த ஊரே வேண்டாம், சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடலாம் என்றாள் சுருளியம்மாள். போகலாம்தான். ஆனால் பெரியவள் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், சின்னவளுக்கு அந்தக் காட்டு மழை பட்டால் மூச்சு இழுப்பு வந்துவிடும். ஏலத்தோட்டத்தில் வீடு என்று எவன் எடுத்து வைத்திருக்கிறான்? குருசாமி போகவில்லை. டெம்பரவரி வேலையையும் விட்டுவிட்டு ரோஷத்தைச் சமைத்தா சாப்பிட முடியும்?

கல்யாணம் முடிந்தது. யாக்கோபு ஓய்வு பெற்றார், ஆசீர்வாதத்துக்குப் பேர் விழுந்தது, யாக்கோபின் வீடு அவனுக்கு நிலைத்தது. அவன் தொழிற்சாலைக்குள் காலெடுத்து வைத்த முதல் நாள், ரோலரின் பேரிங் சத்தம் கொடுத்தது. எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்றுகூடப் பையனுக்குத் தெரியவில்லை. குருசாமி அவன் கையைப் பிடித்து, இப்படி வை, இந்தப் பக்கம் திருகு என்று சொல்லிக் கொடுத்தான். அவன் மேல் கோபப்பட்டுப் பார்த்தான், முடியவில்லை. பையன் சூதுவாது தெரியாதவன். அண்ணன் என்ன செய்தான், யாருடைய இடத்தில் தான் நிற்கிறோம் என்று ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. மத்தியானம் டீ குடிக்க உட்கார்ந்தபோது அவன் ஆச்சரியமாகக் குருசாமியைப் பார்த்தான்.

"இம்புட்டு வேல தெரிஞ்சு வச்சிருக்கீங்க, ஒங்களுக்கு ஏன்ணே இன்னும் பேரு விழல?"

குருசாமி டீயை ஊதிக் குடித்தான். பையன் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தான்.

"கவலப்படாதீங்கண்ணே. எங்க அண்ணன்கிட்ட நான் ஒரு வார்த்த சொல்லுதேன். அவரு கண்டிப்பா ஒங்களுக்குச் செஞ்சு குடுப்பாரு."

"சரிப்பா" என்றான் குருசாமி. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடி ரோலருக்கு அடியில் போய்ப் படுத்தான்.